ஆறு வயதான பேக்கப் டிஸ்க்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

இழுப்பறையில் ஒரு பேக்கப் டிஸ்க் இருக்கிறது. வாங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. மாதம் இரண்டு முறை வெளியே வரும். லேப்டாப்பில் செருகினால் விளக்கு எரியும், புதிய கோப்புகள் ஏறும், மறுபடி உள்ளே போய்விடும். ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்று மனம் கேட்கிறது. இன்னும் எத்தனை நாள்தான் தாங்கும் என்றும் அதே மனம் கேட்கிறது.

இதற்கு ஆட்கள் நான்கு விதமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். பழுதாகும்வரை ஓட்டுவது ஒன்று. இத்தனை வருடம் ஆனதும் மாற்றிவிடுவது என்று கணக்கு வைத்துக்கொள்வது இரண்டாவது. டிஸ்க் காட்டும் அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுப்பது மூன்றாவது. பழையது நன்றாக இருக்கும்போதே புதியதை வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நான்காவது. நான்கையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது நான்காவதில் நிற்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த நான்கையும் எதை வைத்து அளப்பது என்று பேசிவிடலாம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எதை அளக்கிறோம்?

‘இந்த டிஸ்க் எப்போது போகும்?’ என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நல்லவேளையாக, அது அவ்வளவு முக்கியமான கேள்வியும் இல்லை. பேக்கப் டிஸ்க் பழுதாகும் நாளில் எதுவும் தொலைவதில்லை. அசல் லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது. ஆபத்து அதற்கு அப்புறம்தான். டிஸ்க் பழுதான நாளிலிருந்து, அது நமக்குத் தெரியவந்து, புதிய டிஸ்க் கைக்கு வந்து, அதில் முழுப் பிரதியும் ஏறி முடியும் நாள்வரை நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. அந்த இடைவெளியில் லேப்டாப் கீழே விழுந்தாலோ, திருடுபோனாலோ, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே புகுந்தாலோ எல்லாம் போய்விடும்.

இந்த இடைவெளியில் வாங்குவதற்கு ஆகும் நாளும் காப்பி செய்வதற்கு ஆகும் நேரமும் சொற்பம். பழுது நமக்குத் தெரியாமலே கிடக்கும் காலம்தான் மாதங்களாகவும் வருடங்களாகவும் நீள்கிறது.

என் முதல் பேக்கப் டிஸ்க்கில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் லேப்டாப்பின் உள் டிஸ்க் எழவில்லை. எனக்குப் பதற்றமே இல்லை. முந்தைய வாரம்தான் பேக்கப் எடுத்திருந்தேன், ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. புதிய டிஸ்க் போட்டு மீட்கத் தொடங்கினேன். சமீபத்துக் கோப்புகள் மளமளவென்று வந்தன. நான்கு வருடம் முந்தைய புகைப்பட ஃபோல்டருக்கு வந்ததும் வேகம் விழுந்தது. ஒரு படத்துக்கு அரை நிமிடம் காத்திருப்பு, பிறகு பிழை, அடுத்த படம், மறுபடி காத்திருப்பு. இரண்டு நாள் போராடியும் அந்த வருடத்துப் படங்களில் ஏறக்குறைய பாதி வரவில்லை. என் தங்கை மகள் நடக்கப் பழகிய வருடம் அது.

என்ன நடந்தது என்று பிற்பாடு யோசித்தபோது காரணம் தெளிவாகவே இருந்தது. பேக்கப் மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதியதையும் மாறியதையும் மட்டுமே எழுதுகிறது. பழைய கோப்பென்றால் பெயரையும் அளவையும் தேதியையும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிறது என்று தாண்டிவிடும். கோப்புக்குள் இருப்பதைப் படிப்பதில்லை. நான்கு வருடமாக அந்தப் பகுதியை யாருமே படிக்கவில்லை. அது எப்போது கெட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிஸ்க் நன்றாக ஓடுகிறது என்று நான் நம்பியதெல்லாம், புதிதாக எழுதிய இடம் நன்றாக இருந்தது என்பதை மட்டும் வைத்துத்தான்.

அதனால் நான்கு வழிகளையும் இப்போது ஒரே கேள்வியால் அளக்கிறேன்: பழுது நேர்ந்தால், எத்தனை நாள் ஒற்றைப் பிரதியோடு இருப்பேன்?

பழுதாகும்வரை ஓட்டுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேறு இரண்டு நல்ல பிரதிகள் இருக்கும் இடத்தில் இது முழுக்க நியாயமான வழி. மூன்றாவது பிரதி போனால் போகட்டும், அன்றைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க்கும் அதன் முழு ஆயுளுக்கும் உழைத்திருக்கும்.

ஆனால் லேப்டாப் ஒன்று, பேக்கப் டிஸ்க் ஒன்று, அவ்வளவுதான் என்றால் இந்த வழி ஆபத்தானது. முதல் காரணம் மேலே சொன்னதுதான்: எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் முழுதாகச் சாவதில்லை. பல டிஸ்க் ஓரமாக, சத்தமில்லாமல், செக்டர் என்ற சின்னச் சின்னக் கட்டங்களாகப் போகிறது. நாம் ‘பழுதானது’ என்று சொல்லும் நாள், பழுது நம் கண்ணில் பட்ட நாள் மட்டுமே.

இரண்டாவது காரணம், மீட்கும் வேலை டிஸ்க்கிடம் கேட்கும் உழைப்பு. சாதாரண நாளில் பத்து நிமிடம் வேலை செய்யும் டிஸ்க், மீட்கும் நாளில் தன் முழு உடலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் விடாமல் படித்தால்கூட 4 டெராபைட் படிக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகளாக இருந்தால் இன்னும் அதிகம். பழைய யுஎஸ்பி 2 போர்ட் என்றால் ஒரு நாளைத் தாண்டிவிடும். வருடக்கணக்கில் உழைக்காத வயதான டிஸ்க்கை, அதை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு நாளில், அதன் வாழ்நாளிலேயே கடினமான வேலையைச் செய்யச் சொல்கிறோம்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. உங்கள் பேக்கப் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் வேறெங்காவது இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது என்று பழைய வீடியோக்களை அதற்கு நகர்த்தியிருப்போம். போன் நிறைந்துவிட்டது என்று படங்களை அதில் கொட்டிவிட்டுப் போனிலிருந்து அழித்திருப்போம். ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் சின்ன வேலையாகத்தான் இருந்தது. நாலைந்து வருடத்தில் டிஸ்க்கின் பாதி வேறெங்கும் இல்லாத சரக்காக ஆகிவிடுகிறது. அந்தப் பாதியைப் பொறுத்தவரை அது பேக்கப் இல்லை. அதுதான் அசல், அதுவும் ஒரே பிரதி. நான் மேலே சொன்ன இடைவெளி அந்தக் கோப்புகளுக்கு நீங்கள் அழித்த அன்றே தொடங்கிவிட்டது. இந்த நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு ஒப்பீடெல்லாம் வேண்டாம். வயது ஒன்றானாலும் ஆறானாலும் இன்னொரு டிஸ்க் இப்போதே வேண்டும்.

வயது பார்த்து மாற்றுவது

சரி, எத்தனை வயதில்? கணினிக்கு வெளியே கேபிளில் செருகும் டிஸ்க்குகளுக்கு உத்தரவாதம் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ வருடம். சர்வருக்கும் நாஸுக்கும் (நெட்வொர்க்கில் இணைந்தே இருக்கும் டிஸ்க் பெட்டி) என்று விற்பவற்றில் ஐந்து வருடம்வரை தருகிறார்கள். அந்தக் காலம் முடிந்ததும் டிஸ்க் போய்விடும் என்று பொருள் இல்லை. போனால் புது டிஸ்க் தருவார்கள், அவ்வளவுதான். உள்ளே இருந்த கோப்புகளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

டிஸ்க்கின் விவரத்தாளில் பத்து லட்சம் மணி நேரம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 114 வருடம் வருகிறது. ஒரு டிஸ்க் அத்தனை காலம் உழைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நிறைய டிஸ்க்குகளை ஒரு வருடம் ஓட்டினால் அவற்றில் சுமார் 0.88 சதவீதம் பழுதாகும் என்பதுதான் அந்த எண் சொல்வது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் பெரிய கணினி மையங்களில் ஓடிய சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கணக்கை எடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். உண்மையில் ஒரு வருடத்தில் மாற்றப்பட்டவை இரண்டு முதல் நான்கு சதவீதம் என்பது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம்வரை போயிருந்தது. இன்னொன்றும் சொன்னார்கள்: டிஸ்க் பல வருடம் ஒரே சீராக இருந்துவிட்டுக் கடைசியில் திடீரென்று தேயத் தொடங்குகிறது என்ற நம்பிக்கை பொருந்தவில்லை. தேய்மானம் சீக்கிரமே தொடங்கி, வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயிற்று.

பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகளின் கணக்கைப் பல வருடமாக வெளியிட்டு வருகிறது. 2013-இல் அவர்கள் கொடுத்த கணக்கில், முதல் ஒன்றரை வருடத்தில் ஆண்டுக்கு 5.1 சதவீதம், அடுத்த ஒன்றரை வருடத்தில் 1.4 சதவீதம், மூன்று வருடம் தாண்டியதும் 11.8 சதவீதம் என்று பழுதாயின. நான்கு வருட முடிவில் ஐந்தில் நான்கு டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பிற்பாடு வந்த டிஸ்க்குகள் மேம்பட்டிருக்கின்றன. 2023-இல் அவர்களின் மொத்தச் சராசரி 1.40 சதவீதம்தான்.

ஆனால் இவையெல்லாம் இரவும் பகலும் சுழலும் டிஸ்க்குகள். நம் டிஸ்க் இழுப்பறையில் இருப்பது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடினால்கூட, ஆறு வருடத்தில் மொத்தம் 624 மணி நேரம்; 26 நாள். சர்வர் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அது இன்னும் குழந்தை. அதற்காக அதற்கு வயதே ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது, வேறு விதமாக ஆகிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் தரவு பதிந்திருக்கும் தட்டு சுழலத் தொடங்குகிறது, அதைப் படிக்கும் ஹெட் தன் இடத்தை விட்டு இறங்கி வருகிறது. கேபிள் நுழையும் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. பையில் அடிபடுகிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சில நானோமீட்டர் இடைவெளிதான். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால், அது பல வருட உழைப்பைவிடப் பெரிய அடி. என்னைக் கேட்டால், ஒரு முறை கீழே விழுந்த இரண்டு வருட டிஸ்க்கைவிட, அசையாமல் இருந்த ஐந்து வருட டிஸ்க்கைத்தான் நம்புவேன்.

ஆக, வயது ஒரு முரட்டு அளவுகோல். நல்ல டிஸ்க்குகளையும் சேர்த்துத் தூக்கிப்போட வைக்கும். அதே சமயம் இரண்டு வயதில் உள்ளே கெட்டுப்போகும் டிஸ்க்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே இடைவெளி வருடக்கணக்கில் நீளலாம். ஆனாலும் இதற்கு ஒரு பலம் உண்டு: கவனமே தேவையில்லை. நாள்காட்டியில் ஒரு தேதி போதும். அம்மா அப்பாவின் டிஸ்க்குக்கோ, சோதனையெல்லாம் செய்யவே மாட்டேன் என்று தெரிந்த நண்பருக்கோ நான் இதைத்தான் சொல்வேன். இழுப்பறை டிஸ்க்குக்கு ஐந்து வருடம், எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்குக்கு மூன்று, நான்கு வருடம்.

அறிகுறி பார்த்து மாற்றுவது

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மற்றவற்றிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்றவை அதைப் படித்துக் காட்டும். மேலே பெரிதாக ‘நலம்’ என்று எழுதியிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது மாறும், அதற்குள் காரியம் கைமீறியிருக்கலாம். கீழே உள்ள பட்டியலில் சில எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் இன்னும் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். 198, முயன்றும் படிக்க முடியாது என்று உறுதியானவை. 187, படித்துத் திருத்த முடியாமல் கணினியிடமே பிழை என்று சொல்ல நேர்ந்த தடவைகள். இந்த நான்கும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எல்லா டிஸ்க்கும் எல்லா எண்ணையும் காட்டாது, இருப்பதைப் பாருங்கள். 199 மட்டும் தனி. அது ஏறினால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போ சரியில்லை. கேபிளை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தால் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போடாமல் தப்பிக்கலாம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் கண்ணைத் திறப்பவை. பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. முதல் செக்டர் இடம் மாற்றப்பட்ட டிஸ்க்குக்கு 14 மடங்கு. இதைப் படித்ததும் அறிகுறியே போதும் என்றுதான் தோன்றும். அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதம், வலுவானவை என்று கண்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே பழுதாயின. பேக்பிளேஸ் 2016-இல் தன் கணக்கைக் கொடுத்தபோது, அவர்கள் கவனிக்கும் ஐந்து எண்களில் ஒன்றாவது எச்சரித்த பிறகு பழுதானவை 76.7 சதவீதம். மீதி 23.3 சதவீதம் ஒன்றும் சொல்லாமல் போயின.

இரண்டு ஆய்வும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்பலாம். நல்ல செய்தி சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இழுப்பறை டிஸ்க்குக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரு செக்டர் கெட்டது என்று டிஸ்க்குக்குத் தெரிய, யாராவது அதைப் படிக்க முயல வேண்டும். என் முதல் டிஸ்க்கில் நான் ஸ்மார்ட் பார்த்திருந்தாலும் எல்லாம் பூஜ்யம் என்றே காட்டியிருக்கலாம். படிக்கவே இல்லையே. ஆகவே எண்களைப் பார்ப்பதற்கு முன் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படிக்க வைக்க வேண்டும். ஸ்மார்ட்டிலேயே நீண்ட சோதனை ஒன்று இருக்கிறது. இரவில் தொடங்கிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். நடுவில் டிஸ்க் உறங்கிவிட்டால் சோதனை அறுந்துபோகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில யுஎஸ்பி பெட்டிகள் ஸ்மார்ட் விவரத்தை வெளியே விடுவதே இல்லை. அப்போது ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து வரும் ஒரு அடையாள எண்) கணக்கிட்டு வைத்து, அடுத்த வருடம் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடலாம். எனக்கு இதுதான் இன்னும் பிடித்த வழி. இரண்டு முறையும் எல்லாக் கோப்பும் முழுதாகப் படிக்கப்படுகிறது. படிக்க முடிந்தாலும் உள்ளடக்கம் மாறியிருந்தால் அதுவும் அகப்பட்டுவிடும்.

எண் பூஜ்யத்தைத் தாண்டினால் என்ன செய்வது? 5-ஆம் எண் இரண்டோ மூன்றோ காட்டி, பல மாதம் அங்கேயே நின்றால், அதை இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொள்வேன், முதல் பிரதிக்கு வைக்க மாட்டேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஏறிக்கொண்டே போனால் அன்றோடு ஓய்வு. 197 ஏறினால் சோதனையையும் நிறுத்திவிட்டு, அந்த டிஸ்க்கில் மட்டும் இருக்கும் கோப்புகளை முதலில் காப்பி எடுத்துவிடுவேன். ‘டிக், டிக்’ என்று சீரான சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும். அதில் மட்டும் இருக்கும் கோப்பு ஏதாவது வேண்டுமென்றால் தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொடுப்பதுதான் வழி.

வருடம் இரண்டு முறை இதைச் செய்பவருக்கு இடைவெளி அதிகபட்சம் ஆறு மாதம். முதல் இரண்டு வழியைவிட நல்லது. ஆனால் திடீரென்று போகும் டிஸ்க்குக்கு இதில் விடை இல்லை.

பழையதை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துவது

நான்காவது வழியில், பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு டிஸ்க் வாங்குகிறேன். புதியது முதல் பேக்கப் ஆகிறது. பழையது இரண்டாம் பேக்கப் ஆகி வேறு வீட்டுக்குப் போகிறது. அதற்கும் முந்தையது, ஆறு வயதாகியிருக்கும், ஓய்வு பெறுகிறது.

செலவைக் கவனியுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றிப் பழையதைத் தூக்கிப்போடுபவரும் அதே எண்ணிக்கையில்தான் டிஸ்க் வாங்குகிறார். அவரிடம் எப்போதும் ஒரு பேக்கப். என்னிடம் எப்போதும் இரண்டு. ஆறு வருடம் ஓட்டுபவரோடு ஒப்பிட்டால் எனக்கு இரட்டிப்புச் செலவு என்பது உண்மை. அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பேச்சுக்கு, எந்த டிஸ்க்கும் ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு நான்கு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அசலும் ஒரே பேக்கப்பும் ஒரே வருடத்தில் போகும் வாய்ப்பு 625-இல் ஒன்று. அசலும் இரண்டு பேக்கப்பும் சேர்ந்து போகும் வாய்ப்பு 15,625-இல் ஒன்று.

நிஜத்தில் கணக்கு இவ்வளவு அழகாக வராது. ஒரே பையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் திருடுபோகும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் டிஸ்க்குகள் ஒரே குறையோடு வந்திருக்கலாம். ஒரே மின் அதிர்வு, செருகியிருக்கும் எல்லாவற்றையும் கருக்கிவிடலாம். அதனால்தான் வயதில் இடைவெளி விட்டு வாங்குவதும், பழையதை வேறு இடத்தில் வைப்பதும் முக்கியமாகின்றன. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரவலாக்கினார். இந்த வழியில் அதில் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடுகிறது.

இடைவெளிக் கணக்குக்கு வந்தால், ஒரு பேக்கப் பழுதானாலும் ஒற்றைப் பிரதி நிலை வருவதே இல்லை. பழையது வெளியே இருப்பதால் அதில் சில மாதம் பின்தங்கிய பிரதிதான் இருக்கும்; ஆனால் பல வருடத்துப் படங்களும் ஆவணங்களும் அதில் முழுதாக இருக்கும். புதிய டிஸ்க் வாங்குவதை அவசரமில்லாமல் செய்யலாம். சத்தமில்லாத பழுதுக்கும் இது மருந்து. ஒன்றில் படிக்க முடியாத கோப்பு மற்றொன்றில் இருக்கும், இரண்டிலும் ஒரே கோப்பு கெடுவது அரிது.

செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். புதிய டிஸ்க்கைப் பழைய பேக்கப்பிலிருந்து நிரப்பாதீர்கள். லேப்டாப்பில் இருக்கும் அசலிலிருந்து நிரப்புங்கள். பழையதில் ஏதாவது கெட்டிருந்தால், கெட்டதையே புதியதுக்கும் கொண்டுபோவோம். அசல் இல்லாத கோப்புகளை மட்டும் பழையதிலிருந்து எடுத்து, திறந்து பார்த்து, ஏற்றுங்கள்.

எதை வாங்குவது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழுப்பறையில் கிடக்கப்போகும் பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க் இன்னும் நல்ல தேர்வு. உருவில் சின்ன டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முதல் முறை எழுதும்போது பரவாயில்லை, ஏற்கெனவே எழுதிய இடத்தை நிறைய மாற்றினால் வேகம் படுத்துவிடும். பேக்கப்புக்கு இது பெரிய குறை இல்லை. பழுது என்று மட்டும் பயந்துவிடாதீர்கள்.

தட்டுக்குப் பதில் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லை, விழுந்தாலும் தாங்கும், பையில் கொண்டுபோக அதுதான் சரி. ஆனால் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் வைப்பதற்கு நான் வாங்க மாட்டேன். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி சாதாரண எஸ்எஸ்டியிடம் கேட்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான். புதிய எஸ்எஸ்டி அதைவிட எவ்வளவோ நாள் தாங்கும். என்றாலும் மறந்துபோய் இழுப்பறையில் கிடப்பதற்கு அது ஏற்றதல்ல.

கிளவுட் நல்ல மூன்றாவது பிரதி. வேறிடம் என்பது தானாகக் கிடைக்கிறது. ஒத்திசைவையும் பேக்கப்பையும் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்றால் அது பேக்கப் இல்லை. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டியும் அப்படித்தான். ஒரு டிஸ்க் போனால் காப்பாற்றும், தவறாக அழித்த ஃபோல்டரைக் காப்பாற்றாது.

வந்ததும், போவதும்

புதிய டிஸ்க் வந்த அன்றே பழையதை ஓய்வுக்கு அனுப்பாதீர்கள். பேக்பிளேஸின் 2013 கணக்கில் முதல் ஒன்றரை வருடத்துப் பழுது அடுத்த ஒன்றரை வருடத்தைவிட அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் வெறும் டிஸ்க்கில் நீண்ட சோதனை ஓட்டுங்கள். அப்புறம் என்க்ரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். பிட்லாக்கர், ஃபைல்வால்ட், வெராகிரிப்ட், எதுவாக இருந்தாலும் சரி. சாவியை டிஸ்க்கோடு ஒட்டி வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். கோப்புகளை ஏற்றி முடித்ததும் செக்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, வேறு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். அது முடிந்தால் புதியது பொறுப்பேற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

ஓய்வு பெறும் டிஸ்க் முதல் நாளிலிருந்தே என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால், கொடுத்துவிடுவதில் கவலை குறைவு. இல்லையென்றால் முழுப் பரப்பின் மீதும் ஒரு முறை எழுதி அழிக்க வேண்டும். ஃபார்மேட் செய்வது மட்டும் போதாது. விரைவு ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது. எழுதவே முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் தட்டை உடைக்கலாம். சின்ன டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, டிஸ்க்கைத் துணியில் சுற்றிச் செய்யுங்கள். மிச்சத்தை மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

என் சோதனை நாள் மார்ச் 31. உலக பேக்கப் நாள் என்று சொல்கிறார்கள், அதனால் மறப்பதில்லை. இன்னொன்று செப்டம்பர் கடைசியில். தங்கை வீட்டில் இருக்கும் பழைய டிஸ்க்குக்கு இப்போது ஐந்து வயது. கடைசிச் சோதனையில் 5-ஆம் எண் இரண்டு. முந்தைய மூன்று சோதனையிலும் அதே இரண்டுதான். 197 பூஜ்யம். செக்சம் எல்லாம் பொருந்தின. அடுத்த சோதனையில் அந்த இரண்டு மூன்றானால், ஆறு வயதுவரை காத்திருக்காமல் அதை மாற்றிவிடுவேன்.